ஒற்றை வாக்கின் முன்னுதாரணம்

ஐக்கிய நாட்டுச் சபையின் பொதுச்செயலர் அந்தோனியோ குத்தேரஸின் பதவிக்காலம் 2026 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிவடைகிறது. அவருக்குப் பின் வருபவர் யார் என்பது அதற்குள் நிச்சயமாகிவிட வேண்டும். இந்தக் கெடுவையொட்டி வாசகர்கள் எழுதும் கடிதங்களில் ஒரே சந்தேகம் பல ரூபங்களில் தலைகாட்டுகிறது. ஐந்து வல்லரசுகள் சம்மதித்தாலன்றி எதுவும் நடவாது என்றிருக்க, சிங்கப்பூரைப் போன்ற ஒரு சின்னஞ்சிறு நாடு வெளியுறவு அமைச்சொன்றை நிறுவி, தேசந்தோறும் தூதர்களை அனுப்பிச் செலவு செய்வதன் பிரயோஜனம் என்ன என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் நண்பராக இருப்போம், எவருக்கும் பகைவராகோம் என்று அந்நாட்டுத் தலைவர்கள் சொல்லிவருவதை நம்பலாமா என்று கேட்போரும் உண்டு. முதற் கேள்விக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் விடையளிக்க முற்படுகிறேன்.

ஒற்றை வாக்கை வைத்துக்கொண்டு ஒரு சிறு நாடு என்ன செய்துவிட முடியும்?

1965 ஆகஸ்ட் 9-ஆம் நாள் மலேசியாவிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனித்து நின்ற சிங்கப்பூருக்கு, அன்று காலை வரையில் வெளியுறவு என்றொரு இலாகாவே கிடையாது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிற் பிறந்து, மலாயாவில் வளர்ந்து, பத்திரிகையாளராகப் பேரெடுத்து, கலாசார மந்திரியாக இருந்துவந்த எஸ். ராஜரத்தினத்தின் பொறுப்பில் அவ்விலாகா வந்து சேர்ந்தது. ஆறு வாரத்துக்கெல்லாம், செப்டம்பர் 21-ஆம் தேதி, மாலத்தீவும் காம்பியாவும் சேர்ந்த அதே நாளில் சிங்கப்பூரும் ஐ.நா.வில் அங்கத்துவம் பெற்றது. சொந்தமாக அதற்கிருந்த காலாட்படை இரண்டே பட்டாளம். தீவைக் காத்துவந்த பிரிட்டிஷ் படைகளும் விலகப்போகின்றன என்ற அறிவிப்பு 1968 ஜனவரியில் வந்துவிட்டது. ஆயுதபலத்தால் எல்லைகளை மாற்றலாகாது என்ற சர்வதேச விதி, பெரிய நாடுகளுக்கு ஒரு நல்லொழுக்கமாக இருக்கலாம்; இப்படிப்பட்ட ஒரு தீவுக்கோ அது உயிர்க்காப்பு. ஆகவே சர்வதேச சட்டத்தின்பால் தனக்குள்ள பக்தியை அந்த அமைச்சு எடுத்துரைக்கும்போது, அதிலுள்ள சுயபாதுகாப்பையும் சேர்த்தே நாம் வாசிக்க வேண்டும். அது குற்றமன்று, ஆனால் அதையும் சேர்த்தால்தான் முழு உண்மை.

இவ்வமைச்சின் சாமர்த்தியம் அனைத்தும் ஓர் உபாயத்தில் அடங்கியிருக்கிறது. பொதுச் சபையில் வாக்கெடுப்பு நடக்கையில், ஒவ்வொரு பிரதிநிதியும் தம் மேசையிலுள்ள பொத்தானை அழுத்த, சுவரிலுள்ள பெரும்பலகையில் அந்தந்த நாட்டின் பெயருக்கு நேரே ஆதரவானால் பச்சையும், எதிர்ப்பானால் சிவப்பும், நடுநிலையானால் மஞ்சளும் ஒளிர்கின்றன. வல்லரசுகளுக்கு அது அன்றைய விவகாரத்தோடு முடிந்துபோகும் ஒரு வெளிச்சம். சிறிய நாட்டுக்கோ, அழுத்தும் ஒவ்வொரு பொத்தானும் ஒரு முன்னுதாரணம்: நாளை தன்னை எவரேனும் ஆக்கிரமிக்க வந்தால், “அன்று இன்னாருக்காக நாங்கள் எழுந்து நின்றோமே, இன்று எங்களுக்காக நில்லுங்கள்” என்று உலகத்தைக் கேட்பதற்கான உரிமையை அது முன்கூட்டியே சம்பாதித்து வைக்கிறது. அந்த உரிமை செல்லுபடியாக வேண்டுமானால் ஆக்கிரமித்தவன் நண்பனா பகைவனா என்று பாராமல், எப்போதும் ஒரே பக்கமாக வாக்களித்திருக்க வேண்டும். எங்கே எவ்வாறு வாக்களித்தோம், அதற்கு என்ன காரணம் சொன்னோம் என்பதை நினைவில் வைத்து, இன்றைய வாக்கு நேற்றைய வாக்கோடு முரண்படாமற் காப்பதே அயல்விவகார அதிகாரிகளின் அன்றாட உழைப்பில் முக்கியமான பகுதி.

இந்த உபாயத்தின் கூர்மையையும் கொடுமையையும் ஒருங்கே காட்டியது கம்போடிய விவகாரம். 1975 முதல் நான்கு வருஷம் பால் பாட் ஆட்சியில் ஏறத்தாழப் பதினேழு லட்சம் மக்கள் மாண்டனர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1978 டிசம்பரில் வியட்நாமியப் படை உட்புகுந்து, மறு மாதமே புனோம் பென் நகரைப் பிடித்து, அந்த ஆட்சியைத் துரத்தியது. துரத்தப்பட்டது கொலைகார ஆட்சி. துரத்தியதோ அந்நியப் படை. இவ்விரண்டில் எதற்கு முதலிடம் தருவது என்ற தர்மசங்கடத்தில், ராஜரத்தினத்தின் அமைச்சு தயங்காமல் இரண்டாவதற்கே முதலிடம் தந்தது. ஆசியான் நாடுகளுக்காக ஆதரவு திரட்டுவதில் அவரும், ஐ.நா.வில் சிங்கப்பூரின் நிரந்தரப் பிரதிநிதியாயிருந்த டாமி கோவும் முன்னின்றனர். 1979 செப்டம்பரில், பால் பாட் தரப்பின் நியமனப் பத்திரங்களைப் பொதுச் சபை 71-க்கு 35 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது. 34 நாடுகள் நடுநிலை வகித்தன. நவம்பரில் அந்நியப் படைகள் வெளியேற வேண்டுமென்ற தீர்மானம் 91-க்கு 21 என்று நிறைவேறியது. இந்தியா மறுபக்கம் சென்று, வியட்நாமின் ஆதரவோடு அமைந்த ஹெங் சம்ரின் அரசை 1980-இல் அங்கீகரித்தது.

படைகள் வெளியேற வேண்டுமென்று கோரியது சரியே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆக்கிரமிப்பைக் கண்டிப்பதற்கும், தன் குடிகளையே கொன்று குவித்தவர்களைச் சபையில் அமர்த்துவதற்கும் பாரதூரமான வித்தியாசம் உண்டு. வேறு வழியே இருக்கவில்லை என்ற சமாதானமும் பொருந்தாது. 1979 செப்டம்பரில் ஹவானாவிற் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாடு கம்போடியாவின் ஆசனத்தைக் காலியாகவே விட்டுவைத்தது. பொதுச் சபை வாக்கு என்ற முன்னுதாரணத்தால் விளைந்த பாதுகாப்பு சிங்கப்பூருக்குக் கிடைத்தது. அதற்கான விலையில் பெரும்பங்கைத் தங்களைக் கொன்றவர்களே தங்கள் பிரதிநிதிகளாக வீற்றிருக்கப் பார்த்த கம்போடிய மக்கள் கொடுத்தார்கள். சிறிய நாட்டின் ராஜதந்திரத்தைப் புகழ்ந்தெழுதுவோர் இதைக் கடந்துபோகலாகாது.

ஆயினும் அந்த அமைச்சு தன் விதியைப் பகைவருக்கு மட்டும் பிரயோகிக்கவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1983 அக்டோபர் 25-ஆம் தேதி அமெரிக்கப் படை கிரெனடா தீவில் இறங்கிற்று. எஸ். தனபாலன் அப்போது வெளியுறவு மந்திரி. அமெரிக்காவோ சிங்கப்பூரின் நெருங்கிய தோழன். இருந்தும் அப்படையெடுப்பைக் கண்டித்த தீர்மானத்தை ஆதரித்த 108 நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. கம்போடியாவில் ஒரு நீதியும் கிரெனடாவில் வேறொரு நீதியும் பேசினால், நான்கு வருஷம் சேர்த்துவைத்த முன்னுதாரணம் ஒரே நாளில் கரைந்துபோகும் என்பதை அது உணர்ந்திருந்தது.

பாதுகாப்புச் சபையின் புதிய அனுமதியின்றி 2003-இல் ஈராக்கின்மீது அமெரிக்கா தொடுத்த யுத்தத்தின்போது இந்த வைராக்கியம் தளர்ந்தது. ஆயுதங்களைக் களைவது பற்றிய ஐ.நா. தீர்மானங்களை ஈராக் மீறிவிட்டது என்ற காரணத்தைச் சொல்லி, அமெரிக்காவின் அணியில் சிங்கப்பூர் சேர்ந்தது. பின்பு கப்பலையும் விமானங்களையும் அனுப்பி உதவியது. பேரழிவு ஆயுதங்களோ அகப்படவே இல்லை. 2022 மார்ச்சில் உக்ரேன்மீதான படையெடுப்பைக் கண்டித்து 141 நாடுகள் வாக்களித்தபோது, அவற்றோடு நின்றதுடன் தென்கிழக்காசியாவிலேயே தான் மட்டுமே ரஷ்யாமீது தடைகளும் விதித்த சிங்கப்பூர், தன் பழைய வைராக்கியத்தை மீட்டுக்கொண்டது. ஆனால் ஈராக் என்ற விதிவிலக்கு ஏட்டில் இருக்கத்தான் செய்கிறது. முன்னுதாரணத்தையே அரணாகக் கொண்டவர்களுக்கு விதிவிலக்கும் ஒரு முன்னுதாரணம்.

எல்லோருக்கும் நண்பர் என்பதை நம்பலாமா?

நட்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நண்பன் தவறு செய்த நாளின் வாக்கைக் கொண்டே அளக்க வேண்டும். கிரெனடாவில் அந்த அளவை நேராக நின்றது, ஈராக்கில் சாய்ந்தது.

சிறிய நாடுகள் கட்சி கட்டிக்கொண்டு வாக்களிக்கின்றனவா?

இல்லை, 1992-இல் சிங்கப்பூரின் முயற்சியால் 16 நாடுகளோடு தொடங்கி இன்று நூற்றுக்கு மேல் வளர்ந்திருக்கும் சிறு நாடுகள் மன்றம், ஒரு கோடிக்கு உட்பட்ட ஜனத்தொகையுள்ளவை கூடிக் கலந்து பேசுமிடமேயன்றி, ஒரே முகமாக வாக்களிக்கும் அணியன்று.

ஊரிலேயே இருந்துகொண்டு அயல்நாட்டுத் தூதராக இருப்பவர்கள் உண்டாமே?

உண்டு, வர்த்தகரும் பேராசிரியரும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் சிங்கப்பூரில் வசித்தபடியே தூரதேசமொன்றுக்கு நியமனம் பெறுகிறார்கள், அத்தேசம் சம்மதித்தால் போதும். வர்த்தகரானால் அவருடைய சொந்தத் தொழிலும் அரசின் காரியமும் எங்கே பிரிகின்றன என்பதை மட்டும் ஜனங்கள் கண்காணிக்க வேண்டும்.

அண்டை நாட்டோடு தகராறு வந்தால்?

பெட்ரா பிராங்கா தீவைப் பற்றிய வழக்கில் மலேசியாவும் சிங்கப்பூரும் சம்மதித்துச் சர்வதேச நீதிமன்றத்துக்குச் சென்றன. 2008 மே 23-ஆம் தேதித் தீர்ப்பில் தீவு சிங்கப்பூருக்கும், அருகிலுள்ள மிடில் ராக்ஸ் பாறைகள் மலேசியாவுக்கும் உரியவையாயின.

பொதுச்செயலரை 193 நாடுகளும் சேர்ந்துதானே தேர்ந்தெடுக்கின்றன?

சாசனத்தின் 97-ஆம் விதிப்படி பாதுகாப்புச் சபை சிபாரிசு செய்பவரையே பொதுச் சபை நியமிக்கும். 1996-இல் அப்போதைய பொதுச்செயலர் பூத்ரோஸ் காலிக்குப் பாதுகாப்புச் சபையில் 14 நாடுகள் ஆதரவளித்தும் அமெரிக்கா ஒன்றின் மறுப்பினால் அவர் மறுமுறை பதவி பெறவில்லை.

அப்படியானால் குத்தேரஸுக்குப் பின் வருபவரின் தேர்வில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரே பெயரை அனுப்புவதே விரும்பத்தக்கது என்று 1946-இல் பொதுச் சபை தானே நிறைவேற்றிய தீர்மானம் வழக்கமாகவே நிலைத்துவிட்டது. இம்முறையும் ஒரே பெயர்தான் வருமானால், சிறிய நாடுகளின் வாக்குக்கு அங்கே தேர்ந்தெடுக்கும் வேலை எதுவும் இராது.