விம் எடிட்டரும் தந்தையாரின் கொள்ளிடமும்

எலக்ட்ரானிக் சிட்டிக்கோ வைட்ஃபீல்டுக்கோ நாள்தோறும் சென்றுவரும் மகனோ மகளோ இல்லாத தமிழ் இல்லங்கள் பெங்களூரில் குறைவு. அப்பிள்ளைகள் நள்ளிரவில் கருந்திரையில் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதைப் பெற்றோர் கண்டிருப்பர். அத்திரையில் இருப்பது பல வேளை விம் என்னும் எடிட்டராகும். ஹாலந்து நாட்டவரான பிராம் மோலனார் 1991-இல் வெளியிட்ட இதனை விலையின்றி அளித்து, உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுமாறு மட்டுமே வேண்டினார். 2023 ஆகஸ்டில் அவர் மறைந்த பின்னர் இதனைப் பேணிவருவோருள், டாக்லிஸ்ட் என்னும் செருகுநிரலை ஆக்கிய ஏகப்பன் லட்சுமணனும் ஒருவர்.

விம்மில் ஆணைகளும் எழுத்து விசைகளே. 'டி' விசையை இருமுறை தட்டினால் ஒரு வரி நீங்கும். ஆனால் கணினி முழுவதற்கும் தமிழ்99 விசைப்பலகையை அமர்த்திவிட்டால் அதே விசை 'உ' ஆகிவிடுகின்றது, வரி நீங்காது. நாமும் சில மாலைகள் இதனோடு மல்லாடினோம். பின்னரே விம்முக்கென்று தனி விசைக்கோப்பு எழுதலாம் என்பதை அறிந்தோம். அக்கோப்பு எழுதும்போது மட்டும் தமிழைத் தரும். ஆணையிடும்போது ஒதுங்கி நிற்கும். 18 மெய்களுக்கும் புள்ளியும் 11 உயிர்க்குறிகளுமாக 216 வரிகள் தேவை. கையால் எழுதினால் பிழை மலியும். ஒரு சுற்றுக்குள் மற்றொரு சுற்றாக அமைத்த சிறு நிரல் நொடியில் எழுதித் தந்தது. நம் இலக்கண அட்டவணையே அந்நிரலின் வடிவம் அன்றோ!

இவ்வளவு முயற்சிக்கும் காரணம் உண்டு. நம் தந்தையார் தம் சிற்றூர் நினைவுகளை 2001-இல் டிஸ்கி முறையில் தட்டச்சிட்டு விட்டுச் சென்றார். இன்றைய கணினியில் அவை வெறும் கோணல் குறிகளாகத் தோன்றின. குறிகளை அட்டவணைப்படி யூனிகோடு எழுத்துகளாக மாற்றுவது எளிதே, வரிசைதான் சிக்கல். டிஸ்கியில் 'கெ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு முன்னும் ககரம் பின்னுமாக இருக்கும். யூனிகோடில் ககரமே முதலில் வரும். கொம்பை இடம் மாற்றும் ஒரு வரி எழுதி ஓட்டினோம். பக்கங்கள் தெளிவாயின; மகிழ்ந்தோம்.

ஆயினும் 'கொள்ளிடம்' என்று தேடியபோது ஓரிடமும் கிட்டவில்லை! கண்ணெதிரே அச்சொல் இருக்கின்றது, எடிட்டரோ இல்லை என்கின்றது. 'கொ'வின் ஒகரக்குறி கொம்பும் காலுமாக இரு துண்டாகவே நின்றுவிட்டது. நாம் தட்டியதோ ஒற்றைக்குறி. கொம்பும் காலும் சேர்ந்து வருமிடங்களை முதலில் இணைத்திருக்க வேண்டும். நல்வேளையாக மூலக்கோப்பைத் தொடாமல் நகலின்மீதே நிரலை ஓட்டியிருந்தோம். பழைய குறுந்தட்டுகள் வைத்திருக்கும் அன்பர்களும் அவ்வாறே செய்க. அவற்றை எறிந்துவிட வேண்டா.

மேலும் ஒரு வரி சேர்த்து மீண்டும் ஓட்டிய பின், கொள்ளிடம் பதினேழு இடங்களில் அகப்பட்டது. அச்சிட்ட பக்கங்களை, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் தந்தையாரின் பேர்த்தி இப்போது எழுத்துக்கூட்டி வாசித்து வருகின்றாள்.