பல் சொல்லும் சேதி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கோவைக்குப் படிக்க வரும் மாணவர் சிலரின் முன்பற்களில் சுண்ணாம்பு பூசினாற்போன்ற வெண்திட்டுகளையோ, குறுக்கே ஓடும் பழுப்புக் கோடுகளையோ காணலாம். "ஒழுங்காகப் பல் துலக்குவதில்லை" என்று உடன்பயில்வோர் கேலி செய்வதுண்டு. பாவம், எவ்வளவு தேய்த்தாலும் அக்கறை போகாது. அது பல்லின்மேல் படிந்ததன்று. பல் உருவாகும்போதே உள்ளே அமைந்துவிட்டது.

காரணம், குடிநீரிலுள்ள புளோரைடு. அம்மாவட்டங்களின் பாறைகளில் புளோரின் அடங்கிய கனிமங்கள் உண்டு. ஆழ்குழாய்க் கிணற்று நீர் நெடுங்காலம் பாறையிடுக்கில் தங்கி அதைக் கரைத்துக்கொள்கிறது. மலையிலிருந்து ஓடிவரும் சிறுவாணி நீருக்கு அவ்வளவு அவகாசம் இல்லை, ஆர்.எஸ்.புரத்துப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்! குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருத்தல் ஆகாது.

எலும்பு வாழ்நாள் முழுவதும் புதுப்பிக்கப்படுகிறது. எனாமல் அப்படியன்று. அதைக் கட்டும் செல்கள், பல் முளைக்குமுன்பே வேலையை முடித்து மறைந்துவிடுகின்றன. ஆகவே சுமார் 8 வயதுக்குள் குடித்த நீரின் கதை, மரத்தின் வளையம்போல, அதில் பதிந்துவிடுகிறது. வலப்பல்லும் அதன் இணையான இடப்பல்லும் ஒரே காலத்தில் உருவாவதால் கறையும் இருபுறமும் ஒத்திருக்கும். சொத்தைக்கு இந்த ஒழுங்கு கிடையாது. பல் மருத்துவர் இதைக் கண்டதும், "எந்த ஊர்? என்ன தண்ணீர்?" என்று விசாரிப்பார். (ஈறில் ஓயாத இரத்தக்கசிவு, வெளிறிய நாக்கு போன்றவற்றைக் கொண்டும் உடலின் வேறு நோய்களை அவர் ஐயுறுவதுண்டு.)

இக்கறையின் மூலத்தைத் தேடியவரும் ஒரு பல் மருத்துவரே. 1901-ல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு வந்த பிரெடெரிக் மெக்கே முப்பதாண்டு அலைந்தார். விடை 1931-ல், சர்ச்சில் என்ற வேதியியலாரின் நிறமாலை ஆய்வில் கிடைத்தது. பௌதிகம் பல்லுக்கும் உதவிற்று!

கறையோடு நின்றால் கவலையில்லை. ஆண்டுக்கணக்கில் மிகுதியாகச் சேரும் புளோரைடு எலும்பையும் தசைநாரையும் இறுகச் செய்து முதுகை வளையவிடாமல் முடக்கும். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இப்படி முடங்கியோரைப் பற்றி 1937-ல் ஷார்ட் முதலானோர் எழுதினர். முடங்கிய எலும்பை மீட்பது அரிது. பிள்ளைகளின் பல்லோ அதற்குப் பல்லாண்டு முன்பே ஊர்த்தண்ணீரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆனால் வளர்ந்தபின் அந்த ஊருக்குக் குடிவந்தவரின் பல் வெள்ளையாகவே இருக்கும், எலும்பு தப்பாது.

நீரைக் கொதிக்கவைத்தால் போகுமா? போகாது. நீர் ஆவியாகும், புளோரைடு தங்கும். செறிவு கூடவே செய்யும். வேறு நீர்தான் வழி. 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரை அவ்விரு மாவட்டங்களுக்கும் கொண்டுசென்றது இதற்காகவே. உங்கள் ஊர்க் கிணற்று நீரை, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம்.