பௌர்ணமிக்குப் பௌர்ணமி புளிக்காய்ச்சல் கெடாதது ஏன்?

மாதாமாதம் வேன் பிடித்துத் திருவண்ணாமலைக்கு வருபவர்கள், 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்ததும் பிரிப்பது பெரும்பாலும் புளிச்சோற்றுப் பொட்டலத்தைத்தான். மிஞ்சிய புளிக்காய்ச்சல் அடுத்த பௌர்ணமி வரை, ஏறக்குறைய 29 நாள், தாங்குவது எப்படி?

கிருமி வளர நீர் வேண்டும். சுண்டக் காய்ச்சும்போது நீர் வற்றுகிறது. மிச்சத்தை உப்பு பிடித்துக்கொள்கிறது. புளியின் டார்டாரிக் அமிலம் பாக்டீரியாவை அடக்குகிறது. பிரிந்து மேலே நிற்கும் நல்லெண்ணெய், பூஞ்சைக்குக் காற்று எட்டாமல் மூடிவிடுகிறது. ஈரக் கரண்டி பட்டால் இத்தனையும் வீண்.

சோறு அப்படியல்ல. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதித்த பிறகும் பிழைத்திருக்கும். அதனால் கிளறிய சோற்றை அன்றே சாப்பிட்டுவிடுங்கள். புளிக்காய்ச்சல் பாட்டிலையும் வேனிலேயே விட்டுவிடாதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்.