வெயில் தவறாமல் வருகிறது, பணம்தான் வரவில்லை

திருச்சிக்காரர்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சித்திரை பிறந்துவிட்டால் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. இப்போது அந்த வெயிலை வீணாக்காமல் மின்சாரமாக்கும் ஆசை ஊரெங்கும் பரவியிருக்கிறது. தில்லைநகரிலும் கே.கே.நகரிலும் காவிரி தாண்டி ஸ்ரீரங்கத்திலும் மொட்டைமாடிகளில் சோலார் பேனல்கள் ஏறிவிட்டன. மாநகராட்சியே பஞ்சப்பூரில் சூரிய மின் நிலையம் அமைத்திருக்கிறது.

நாடு முழுவதும் இதுதான் நிலை. 2014 மார்ச்சில் இந்தியாவின் சூரிய மின் நிறுவுதிறன் 3,000 மெகாவாட்டுக்கும் குறைவு. 2025 ஜனவரியில் அது 1 லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. தமிழ்நாட்டின் திறன் மட்டும் இப்போது 10,000 மெகாவாட்டுக்கு மேல்.

இவ்வளவு பெருகிய தொழிலில் இருப்பவர்கள் செழித்திருக்க வேண்டும். ஆனால் ஆயிரம் கோடியில் மின் நிலையம் அமைத்தவரும் சரி, ஆறு ஆட்களை வைத்துக்கொண்டு வீடுகளுக்குப் பேனல் மாட்டித் தருபவரும் சரி, பணமுடையில் தவிக்கிறார்கள். அவர்கள் விற்கும் பொருளுக்குத் தேவை இருக்கிறது. அதற்கான பணம் உரிய நாளில் கைக்கு வருவதில்லை. சிக்கலின் வேர் இதுதான்.

சரிந்துகொண்டே போன விலை

தேசிய சூரிய மின் திட்டம் 2010-இல் தொடங்கியபோது நடந்த முதல் ஏலத்தில், ஒரு யூனிட்டுக்குக் கேட்கப்பட்ட மிகக் குறைந்த விலையே 10 ரூபாய் 95 காசு. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் திறக்கப்பட்ட 648 மெகாவாட் நிலையத்துக்குத் தமிழ்நாடு மின்வாரியம் ஒப்புக்கொண்டது 7 ரூபாய் 1 காசு. அடுத்த ஆண்டே வாரியம் நடத்திய 1,500 மெகாவாட் ஏலத்தில் விலை 3 ரூபாய் 47 காசுக்கு இறங்கியது. 2020 டிசம்பரில் குஜராத்தில் 2 ரூபாய்க்கும் கீழே போய்விட்டது.

மக்களுக்கு இது நல்ல செய்திதான். ஆனால் இந்த விலையைச் சொல்லி ஏலம் எடுத்தவர், பேனல் விலை இன்னும் குறையும் என்ற நம்பிக்கையில் சொன்னார். சொன்ன விலை 25 ஆண்டுக்கு மாறாது. மற்ற எல்லாம் மாறும். 2018-இல் இறக்குமதிப் பேனலுக்கு 25 சதவீதப் பாதுகாப்பு வரி வந்தது. 2022 ஏப்ரலில் சுங்க வரி 40 சதவீதம் ஆனது. ஜிஎஸ்டி 5-லிருந்து 12-க்கு ஏறி, 2025 செப்டம்பரில் மீண்டும் 5-க்கு இறங்கியது. ஒவ்வொரு மாற்றமும் போட்ட கணக்கைப் புரட்டிப்போட்டது.

அமெரிக்காவின் சன்எடிசன் இதற்குப் பெரிய பாடம். 2015 நவம்பரில் ஆந்திரத்தின் 500 மெகாவாட் திட்டத்தை 4 ரூபாய் 63 காசுக்கு ஏலம் எடுத்து நாட்டையே வியக்கவைத்தது அந்த நிறுவனம். ஊர் ஊராகக் கடன் வாங்கி வளர்ந்த அது, ஆறு மாதம் முடிவதற்குள், 2016 ஏப்ரலில், 1,600 கோடி டாலர் கடனோடு திவால் மனு போட்டது. அதே ஆண்டில்தான் உலகம் அதுவரை காணாத அளவுக்குச் சூரிய மின் நிலையங்களை நிறுவியது. பேனல் தயாரித்தவர்களும் தப்பவில்லை. சீன ஆலைகளின் விலையோடு மோத முடியாமல் மோசர் பேயர் சோலார், இண்டோசோலார் போன்ற இந்திய நிறுவனங்கள் திவால் நடவடிக்கைக்குப் போயின.

வாரியம் வைத்த பாக்கி

மின் நிலையத்தின் முதலீட்டில் பெரும்பங்கு வங்கிக் கடன். தவணை மாதாமாதம் கட்டியாக வேண்டும். மின்சாரத்தை வாங்கிய வாரியமோ மாதக்கணக்கில், சில காலம் ஆண்டுக்கணக்கில், பாக்கி வைத்தது. வாரியத்தின் திரண்ட நஷ்டமே 1 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்பதால் அதன் கையும் கட்டுண்டுதான் இருந்தது. மத்திய அரசு 2022-இல் தாமதக் கட்டண விதிகளைக் கொண்டுவந்து, பழைய பாக்கியைத் தவணைகளில் தீர்க்க வழி செய்த பிறகே நிலைமை சற்றுச் சீரானது.

இன்னொரு அடியும் விழுந்தது. சூரிய மின்சாரத்தைத் தடையின்றி வாங்க வேண்டும் என்பது விதி. ஆனாலும் உச்சி வெயிலில் உற்பத்தி பொங்கும் நேரத்தில் ‘குறைத்துக்கொள்ளுங்கள்’ என்று உத்தரவு வந்தது. வழக்கு மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போனது. மின்கட்டமைப்பின் பாதுகாப்புக்காக அன்றி வேறு காரணங்களுக்காகக் குறைக்கச் சொன்னதற்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அதுவரை வட்டி நிற்குமா?

மொட்டைமாடிக் கணக்கு

உள்ளூர் நிறுவனங்களின் கதை வேறு. ஒரு கிலோவாட் பேனல் நம் வெயிலுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் போட ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய் ஆகும். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இதற்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அது வேலை முடிந்து, வாங்கும், கொடுக்கும் மின்சாரத்தைக் கணக்கிடும் நெட் மீட்டர் பொருத்தி, ஆய்வும் முடிந்த பிறகு வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. பேனல் மொத்த வியாபாரியோ முன்பணம் இல்லாமல் சரக்கை அனுப்புவதில்லை. ‘மானியம் வந்ததும் மீதியைத் தருகிறேன்’ என்று சொல்லும் வாடிக்கையாளர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் போதும், ஒரு சிறு நிறுவனத்தின் கைமுதல் அத்தனையும் முடங்கிவிடும்.

ஸ்ரீரங்கத்தில் இன்னும் சில முடிச்சுகள். சித்திரை வீதி, உத்தர வீதிப் பழைய வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. ஓட்டுக் கூரையில் பேனல் ஏற்றுவது எளிதல்ல. புதிதாக எழுந்த அடுக்ககங்களில் மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. ஒருவர் ஒப்பினால் இன்னொருவர் மறுப்பார். இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்குச் சோலாரில் பெரிய மிச்சமும் இல்லை. ஆக, சந்தை நாம் நினைப்பதைவிடச் சிறியது. அந்தச் சிறிய சந்தைக்குள் பல நிறுவனங்கள் முட்டிமோதி விலையைக் குறைக்கின்றன.

துவாக்குடி, அரியமங்கலம் தொழிற்பேட்டைகளில் உள்ள பட்டறைகள் நல்ல வாடிக்கையாளர்களாக அமைந்திருக்கும். ஆனால் சொந்தக் கூரையில் தயாரித்த மின்சாரத்துக்கே யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை ரூபாய் மின்கட்டமைப்புக் கட்டணம் வாரியத்துக்குத் தர வேண்டும் என்றதும் பலர் தயங்கினார்கள். சிறு, குறு தொழில்கள் போராடிய பிறகு 2023-இல் அவற்றுக்கு அது பாதியாகக் குறைக்கப்பட்டது.

நஷ்டம் யாருக்கு?

பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்கிறார்கள். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் பேனல் மாட்டியவர் 5 ஆண்டு பராமரிக்க வேண்டும் என்பது நிபந்தனை. மாட்டியவர் மூன்றாம் ஆண்டே கடையைப் பூட்டிவிட்டால் அந்த உத்தரவாதத் தாளை வைத்து என்ன செய்வது? இன்வெர்ட்டர் நின்றால் யாரைக் கூப்பிடுவது? நிறுவனத்தின் நஷ்டம் கடைசியில் நம் மொட்டைமாடியில்தான் வந்து இறங்குகிறது.

அரசு செய்ய வேண்டியவை மூன்று. வாங்கிய மின்சாரத்துக்கு உரிய நாளில் பணம் தர வேண்டும். வரியையும் கட்டணத்தையும் குறைந்தது ஐந்தாண்டுக்கு மாற்றாமல் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் சம்மதித்தால் மானியத்தை நேரே நிறுவனத்துக்குக் கொடுக்க வழி வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. பேனல் போடுமுன் நான்கு இடங்களில் விலை கேளுங்கள். ஆனால் மிகக் குறைந்த விலைக்கு மயங்காதீர்கள். அந்த நிறுவனம் ஐந்து ஆண்டுக்கு முன் போட்ட வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். பேனலின் வரிசை எண்ணோடு ரசீது வாங்குங்கள். கைப்பணம் போதாவிட்டால் சூரிய வீடு திட்டத்துக்கென்றே வங்கிகள் குறைந்த வட்டியில் கடன் தருகின்றன, அதை வாங்குங்கள். மானியம் வரும் வரை காத்திருக்காமல், மீட்டர் ஓடத் தொடங்கிய அன்றே பேனல் போட்ட நிறுவனத்துக்குரிய பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.