மாவு பூசிய திராட்சைக் கொடி

இன்று நாம் ஒரு திராட்சைக் கொடியைப் பற்றிப் பேசப் போகிறோம். அதன் பெயர் மூனியே. பிரான்சு நாட்டில் விளைவது. ஷாம்பெய்ன் என்னும் நுரை பொங்கும் மது மூன்று முக்கியத் திராட்சைகளிலிருந்து பிறக்கிறது. அவற்றுள் இதுவும் ஒன்று. மற்ற இரண்டின் பெயரும் உலகெங்கும் தெரியும். இதன் பெயரை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

மதுவைப் பற்றி வானொலியில் பேச்சா என்று தாய்மார்கள் முகம் சுளிக்க வேண்டாம். குடியினால் எத்தனை குடும்பங்களின் சம்பளம் கரைந்து போயிற்று என்பதை நம் தோட்டத்து மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இன்றைய பேச்சு குடிப்பதைப் பற்றியதன்று. ஒரு பயிரைப் பற்றியது. பால் மரத்தோடும் செம்பனையோடும் தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்களுக்கு இந்தக் கொடியின் கதை எளிதில் விளங்கும் என்பதாலேயே இதைத் தேர்ந்துகொண்டோம்.

முதலில் அது வளரும் இடத்தைப் பார்ப்போம். பாரிஸ் நகருக்குக் கிழக்கே ஷாம்பெய்ன் என்றொரு வட்டாரம் இருக்கிறது. ரேம்ஸ், எப்பெர்னே என்பவை அங்குள்ள முக்கிய நகரங்கள். மார்ன் என்ற ஆறு அதன் ஊடே ஓடுகிறது. ஏறக்குறைய 34,000 ஹெக்டேர் நிலத்தில் அங்கே திராட்சை பயிராகிறது. ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அங்குள்ள சராசரி வெப்பம் சுமார் 11 டிகிரிதான். திராட்சை பழுப்பதற்கு இவ்வளவு குளிர் ஏற்றதல்ல. எனவே அங்கே பயிர் செய்வது ஒவ்வோர் ஆண்டும் வானத்தோடு நடத்தும் போராட்டம்.

அந்நிலத்தில் பெரும்பாலும் மூன்று வகைத் திராட்சைகளே உண்டு. பினோ நுவார் என்பது கறுப்புத் திராட்சை. ஷார்தொனே என்பது வெள்ளைத் திராட்சை. மூன்றாவதுதான் நம் மூனியே, இதுவும் கறுப்பு. மொத்த நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதனுடையது. மூன்றில் ஒரு பங்கு சுமையைத் தூக்குகிற ஒருவரின் பெயர் ஏன் வெளியே தெரியவில்லை? இதுதான் இன்றைய பேச்சின் கேள்வி.

மூனியே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு மாவு மில்காரர் என்று பொருள். இக்கொடியின் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுவதும் வெண்மையான மெல்லிய ரோமம் படர்ந்திருக்கும். இளந்தளிர்களும் அப்படியே. மில்லில் வேலை முடிந்து வெளியே வருபவரின் தலையிலும் தோளிலும் மாவு படிந்திருப்பது போன்ற தோற்றம். ஜெர்மன் மொழியிலும் இதற்கு மாவு மில்காரர் கொடி என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. பாடுபடும் மனிதரின் பெயரைத் தாங்கிய கொடி இது.

இதன் பெருமையை அறிய வேண்டுமானால் உறைபனியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் பயிருக்குப் பகை வெள்ளமும் வறட்சியும். அங்கே முதற்பகை ஏப்ரல் மாதத்து உறைபனி. குளிர்காலம் முழுவதும் இலையின்றி உறங்கும் திராட்சைக் கொடி, ஏப்ரலில் கண் திறந்து மொட்டு விடும். அந்தச் சமயத்தில் ஓர் இரவு குளிர் பூச்சியத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், தளிருக்குள் இருக்கும் நீர் உறைந்து தளிர் கருகிவிடும். அந்த ஒரே இரவில் ஆண்டு வருமானம் போய்விடலாம். 2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பிரான்சின் பல வட்டாரங்களில் அப்படித்தான் நடந்தது.

விவசாயிகள் இரவெல்லாம் விழித்திருந்து வரிசை வரிசையாக நெருப்பு மூட்டுவார்கள். சிலர் கொடிகள் மீது தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். குளிரில் தண்ணீரா என்று நமக்கு வியப்பாக இருக்கும். தண்ணீர் உறையும்போது தன்னிடமுள்ள வெப்பத்தை வெளியே விடுகிறது. தெளிப்பது நிற்காத வரையில், பனிக்கட்டிக் கூட்டுக்குள் இருக்கும் மொட்டு பூச்சியம் டிகிரிக்குக் கீழே போகாமல் பிழைத்துக்கொள்கிறது.

மூனியே இந்தப் பகையைத் தன் இயல்பாலேயே ஓரளவு சமாளிக்கிறது. மற்ற இரண்டும் மொட்டு விட்டுச் சில நாட்கள் கழித்தே இது மொட்டு விடுகிறது. ஆபத்தான இரவுகளில் சில அதற்குள் கடந்து போயிருக்கும். முதல் மொட்டு கருகினாலும் அதன் பக்கத்திலிருந்து எழும் இரண்டாம் மொட்டு ஓரளவு காய்க்கும். பிந்தி எழுந்தாலும் பழுப்பதில் இது பின்தங்குவதில்லை. ஆகவே, பனி இறங்கித் தங்கும் மார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், களிமண் கலந்த தாழ்நிலங்களில், விவசாயிகள் இதையே நம்பினார்கள். மற்றவை ஏமாற்றும் ஆண்டிலும் குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றும் கொடி என்று இதைச் சொல்லலாம்.

இனி இதன் பிறப்பைப் பார்ப்போம். மூனியே என்பது பினோ நுவார் கொடியில் தற்செயலாக நேர்ந்த ஒரு மாற்றத்தால் உண்டானது. கொடியின் வளரும் நுனியில் திசுக்கள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றுள் வெளி அடுக்கு மட்டும் மாறியது. உள் அடுக்கு பழையபடியே நின்றது. அதாவது ஒரே செடிக்குள் இரண்டு வகைச் செடிகள் ஒன்றாக வாழ்கின்றன. வெள்ளை ரோமம் அந்த வெளி அடுக்கு தந்த சொத்து.

ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளான பால் பாஸ், மார்க் தாமஸ் இருவரும் இதை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். வெளி அடுக்கிலிருந்து மட்டும் ஒரு செடியை வளர்த்தபோது அது குள்ளமாக வளர்ந்தது. பற்றிப் படரும் சுருள்கள் வர வேண்டிய இடங்களில் பூங்கொத்துகள் வந்தன! 1960களில் பசுமைப் புரட்சியைக் கொண்டு வந்த குட்டைக் கோதுமையிலும் இதே வகையான மரபணு மாற்றமே இருக்கிறது. யாரும் பெரிதாக மதிக்காத கொடிக்குள் இப்படியொரு செய்தி ஒளிந்திருந்தது.

இத்தகைய கொடியை விதை போட்டு வளர்க்க முடியாது. விதையிலிருந்து வரும் செடியில் இரண்டு அடுக்குகளும் அப்படியே சேர்ந்து வருவதில்லை. தண்டை வெட்டி நட வேண்டும், அல்லது ஒட்டுக் கட்ட வேண்டும். இது நம்மவர்களுக்குப் பழக்கமான வேலைதானே? நல்ல பால் தரும் ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற மரங்களை விதையால் பெருக்காமல், நாற்றின் தண்டில் மொட்டு வைத்து ஒட்டுக் கட்டித்தானே பெருக்கினார்கள்? வேர் ஒரு மரம், மேலே வேறொரு மரம். திராட்சையிலும் அதே முறைதான். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிறு பூச்சி பிரான்சின் திராட்சை வேர்களைத் தாக்கி அழித்தது. அந்தப் பூச்சியைத் தாங்கக்கூடிய அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டித்தான் பயிரைக் காப்பாற்றினார்கள்.

சரி, கறுப்புத் திராட்சையிலிருந்து வெள்ளை மது எப்படி வருகிறது? நிறம் தோலில்தான் இருக்கிறது. சாறு பெரும்பாலும் நிறமற்றது. பழம் நசுங்காமல் முழுக் குலையாகக் கொண்டு வந்து மெல்லப் பிழிந்தால் நிறம் சாற்றில் இறங்காது. 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லிட்டர் சாறு மட்டுமே எடுக்கலாம் என்பது அங்குள்ள விதி. சாறு ஒருமுறை புளித்த பின், சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புட்டியில் அடைக்கிறார்கள். உள்ளே மீண்டும் புளித்து, வெளியேற வழியில்லாத வாயு மதுவிலேயே கரைந்து நிற்கிறது. அதன் அழுத்தம் காரின் டயரில் உள்ளதைப் போல இரண்டு மூன்று மடங்கு. திறந்தவுடன் பொங்குவது அதுதான்.

பல திராட்சைகளின் மதுவைக் கலந்தே பெரும்பாலான ஷாம்பெய்ன் தயாராகிறது. நம் வீட்டு மசாலாவைப் போலத்தான். ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்கிறது. ஷார்தொனே கூர்மையைத் தருகிறது. பினோ நுவார் கட்டுறுதியைத் தருகிறது. மூனியே பழத்தின் மணத்தையும் மென்மையையும் தந்து, மற்ற இரண்டின் முரட்டுத்தனத்தை இளமையிலேயே தணிக்கிறது.

அப்படியானால் இகழ்ச்சி எங்கிருந்து வந்தது? ஒன்று, இது நீண்ட காலம் வைத்திருக்கத் தாங்காது என்ற பேச்சு. மற்றொன்று, விலை. 20ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம் அங்கே ஊர்களுக்கு மதிப்பெண் போட்டு, அந்த எண்ணின்படி திராட்சைக்கு விலை கொடுத்தார்கள். 100 பெற்ற ஊர்கள் 17. அவற்றில் மற்ற இரண்டு வகைகளுமே மிகுதி. மூனியே மிகுதியாக விளையும் மார்ன் பள்ளத்தாக்கின் மேற்கு ஊர்கள் பலவற்றுக்கு 80களில்தான் மதிப்பெண். நல்ல நிலத்தில் நல்ல கொடி என்ற பெயர் மற்றவற்றுக்குப் போயிற்று. கடினமான நிலத்தில் நின்று காய்த்ததே இதற்குக் குறையாகிவிட்டது.

ஆனால் 1843இல் ரேம்ஸ் நகரில் தொடங்கிய க்ருக் என்ற புகழ்பெற்ற நிறுவனம், பல ஆண்டுகள் வைத்துப் பக்குவப்படுத்தும் தன் மதுவிலேயே மூனியேயைச் சேர்த்து வந்திருக்கிறது. அண்மைக் காலத்தில் விரினி போன்ற ஊர்களின் பழைய கொடிகளிலிருந்து, வேறெதுவும் கலவாமல் மூனியேயை மட்டும் கொண்டு சில குடும்பங்கள் மது தயாரிக்கின்றன. அவை தேர்ந்த சுவைஞர்களின் பாராட்டைப் பெற்றுள்ளன. தாங்காது என்ற பேச்சு முழு உண்மையன்று; விளைச்சலைக் குறைத்துக் கவனத்தோடு வளர்த்தால் தாங்குகிறது என்று இப்போது ஒப்புக்கொள்கிறார்கள்.

நேயர்களே, கொடியைப் போலவே மறக்கப்படும் மனிதர்களும் அங்கே உண்டு. குலை நசுங்கக் கூடாது என்பதால் அறுவடைக்கு இயந்திரம் கூடாது. கையால்தான் பறிக்க வேண்டும். ஆண்டுதோறும் சுமார் 100,000 பேர் அந்தச் சில வார வேலைக்கு வருகிறார்கள். 2023 அறுவடையின்போது மார்ன் பள்ளத்தாக்கின் ஒரு சிற்றூரில், மேற்கு ஆப்பிரிக்கர்களான 50க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மனிதர் தங்கத் தகாத இடத்தில் அடைபட்டிருந்ததை அதிகாரிகள் கண்டார்கள். 2025 ஜூலையில் நீதிமன்றம் மூவரை ஆட்கடத்தல் குற்றத்துக்காகத் தண்டித்தது. அதே 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாகப் போற்றிய வட்டாரத்தில்தான் இது நடந்தது. ஒப்பந்தக்காரர் கொண்டு வந்து விட்ட இடத்தில் தங்கி வேலை செய்த அனுபவம் நம் பாட்டன் பாட்டிமார் காலத்தில் நமக்கும் உண்டு. ஆகையால் இச்செய்தியின் கனம் நமக்குப் புரியும்.

ஒரு பொருளின் பெருமையைப் பேசுவோர், அதன் சுமையில் யார் யாருக்குப் பங்கு உண்டு என்பதையும் கேட்க வேண்டும். பனியைத் தாங்கிய கொடிக்கும், வெயிலில் குனிந்து பறித்த கைக்கும் உரிய பெயரும் உரிய விலையும் கிடைக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி, மண்ணோடு உழைத்த நம் மக்களுக்கு நிரம்ப உண்டு. உங்கள் பிள்ளைகளுக்கு இன்று ஒரு செடியைக் காட்டி, அதன் இலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மேற்புறத்தில் தெரியாதது அடிப்புறத்தில் தெரியும்.