தோடம்பழத் தந்திரம்

கிட்ட வாங்க, கதவைச் சாத்திட்டு வாங்க. அட்டாளைச்சேனையில் ஏதாவது ரியூஷன் வகுப்பின் மூலையில், பழைய சாரம் போர்த்திக் கிடக்கிற தடித்த மொனிட்டர்க் கம்ப்யூட்டர் ஒன்று இருக்குமே? "இதுக்குள்ள என்னத்த ஓடுற" என்று எல்லாரும் கைவிட்டது? அதற்குள் ஈமோகுளோபினைச் சுழற்றலாம்! இன்டர்நெட் வேண்டாம், கிராபிக்ஸ் கார்டும் வேண்டாம். மூலக்கூறுகளைத் திரையில் காட்டுகிற ராஸ்மோல் போதும். ரொஜர் செய்ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1993 இல் வெளிவிட்ட மென்பொருள். காசு கேட்கவில்லை, மூல நிரலையும் சேர்த்தே கொடுத்தார்.

முதலில் ராஸ்மோல் படிக்கிற புரதக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்க. படமே இல்லை! வரிசை வரிசையாக எழுத்தும் எண்ணும்தான். அணுவுக்கு ஒரு வரி. அது நிற்கிற இடத்துக்கு மூன்று எண்கள், அங்ஸ்ட்ரம் அளவில். வரி 80 எழுத்தோடு முடிகிறதே, ஏன்? துளையிட்ட அட்டைகளில் தரவு ஏற்றிய 1970களின் வழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழகுவதற்கு கிரம்பின் நல்லது. கோவா இனச் செடியொன்றின் விதையில் உள்ள குட்டிப் புரதம்: 46 அமினோவமிலங்கள், கோப்பில் 327 அணுக்கள்.

இப்போது கள்ளத்தனத்துக்கு வருவோம். திரையில் ஒவ்வோர் அணுவும் பளபளக்கிற உருண்டை. மவுஸை அசைக்கும்போதெல்லாம் அத்தனை வளைவையும் புதிதாகக் கணக்கிட்டால் பாவம், அந்தப் புரொசெசர் என்ன செய்யும்? செய்ல் யோசித்த விதம் வேறு. தோடம்பழத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் கண்ணுக்குத் தெரிவது வட்டம்தானே! வெளிச்சத்தையும் ஒரே திசையில் நிறுத்திவிட்டால் நிழலும் அசையாது. ஆகவே உருண்டைக்கு வேண்டிய வர்க்கமூலங்களையெல்லாம் தொடக்கத்திலேயே கணித்து ஓர் அட்டவணையில் போட்டாயிற்று. பிறகு அட்டவணையைப் பார்த்து நிறம் பூசுவதுதான் வேலை. தூரத்து அணு சிறுத்துத் தெரிய வேண்டாமா? வேண்டாம், அதையும் விட்டுவிட்டார். 256 நிறம் மட்டுமே காட்டுகிற திரையிலும் சமாளிக்கும். இன்றைய மென்பொருள்கள் திறக்கவே கிகாபைட் கேட்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

காபன் சாம்பல், ஒட்சிசன் சிவப்பு, நைதரசன் நீலம், கந்தகம் மஞ்சள். கிரம்பினில் ஆறு மஞ்சள் உருண்டைகள் இரண்டிரண்டாகக் கைகோர்த்து நிற்கும். உயர்தர உயிரியல் பாடத்தில் மனனம் செய்த இருசல்பைட்டுப் பிணைப்பு அதுதான், மகள்! ரிபன் வடிவத்துக்கு மாற்றினால் சுருளி சுருளியாகத் தெரியும். அந்த ரிபன் பாணியை 1981 இல் கையால் வரைந்து பரப்பியவர் அமெரிக்காவின் ஜேன் ரிச்சர்ட்சன். அவரும் கணவர் டேவிட்டும் 1992 இல் தங்கள் மூலக்கூறு மென்பொருளை ஓர் ஆய்விதழின் முதல் இதழோடு ஃப்ளொப்பியில் வைத்தே அனுப்பினார்கள்.

நான் துள்ளிக் குதித்த இடம் இன்னும் வரவில்லை. ராஸ்மோலின் கட்டளைப் பட்டியலில் ராமச்சந்திரன் பெயர் இருக்கிறது! மதராஸ் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரன்தான். 1963 இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து, புரதச் சங்கிலி ஃபை, சை என்ற இரண்டு கோணங்களில் எவ்வளவு மடங்கலாம், எங்கே அணுக்கள் மோதிக்கொள்ளும் என்று காட்டிய வரைபடம் அது. அந்தக் கட்டளையைக் கொடுங்க. அமினோவமிலத்துக்கு ஒன்றாகப் புள்ளிகள் கூட்டங் கூட்டமாக வந்து விழும். தள்ளித் தனியே நிற்கிறதைக் கண்டால் கிளைசினா என்று பாருங்க. பக்கச் சங்கிலிக்கு வெறும் ஐதரசன் ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் போகாத மூலைக்கெல்லாம் போகிற பொடியன் அவன்!