மூளையின் உள்ளறைக்கு வழி

மூளை கெட்டியான ஒரே உருண்டை அன்று. அதனுள் நான்கு அறைகள் உண்டு. நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர் தெளிந்த நீர் அவற்றில் ஊறி ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது அறையின் வாயிலில் சிலருக்குக் கூழ் நிறைந்த சிறு கட்டி ஒன்று தோன்றும். புற்றைப்போல் பரவும் துஷ்டக் கட்டி அன்று அது. ஆயினும் வாயிலை அடைத்துவிட்டால் நீர் தேங்கி, கடுந்தலைவலி கண்டு, சில வேளை திடீரென்று உயிரே போய்விடும்.

பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையில் இருந்த வால்டர் டாண்டி என்பவர், 1918-ஆம் வருஷத்தில், அறைகளின் நீரை வாங்கிக் காற்றைச் செலுத்தி எக்ஸ்-ரே படம் பிடிக்கும் முறையை வெளியிட்டார். 1921-இல் இத்தகைய கட்டி ஒன்றை அகற்றியும் காட்டினார்.

வழிதான் சங்கடம். மூளையின் மேற்புறத்தைத் துளைத்துச் சென்றால் பிற்பாடு வலிப்புக் காணலாம். இரு பாதிகளுக்கும் நடுவே இறங்கி, அவற்றை இணைக்கும் நரம்புப் பாலத்தைச் சிறிது கீறி நுழைவது மற்றொரு வழி. ஆனால் பாலத்தின் அடியில் ஞாபகத்துக்கு ஆதாரமான நரம்பிழைகள் ஓடுகின்றன. அவற்றுக்கு ஊறு நேர்ந்தால், காலையில் வந்து பார்த்த மகனை மாலையில், "ஏன் நீ வரவேயில்லை?" என்று நோயாளி கேட்கக்கூடும். பிழைத்தும் என்ன பிழைப்பு!

இப்போது விளக்கும் காமிராவும் பொருத்திய மெல்லிய குழலைச் சிறு துவாரத்தின் வழியே செலுத்தியும் இக்கட்டியை எடுக்கிறார்கள். நீர் தேங்கி அறைகள் விரிந்திருப்பவருக்கு இது எளிது. விரியாதவருக்குப் பழைய வழிகளை நாடும் வைத்தியர்கள் இன்றும் உண்டு.